காலையில் கோல்ஃப், மாலையில் ரம் கடை

பார்படோஸ் போவது என்று முடிவானதும் வீட்டில் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். காலைப் பொழுது என்னுடையது, கோல்ஃபுக்கு. மதியச் சாப்பாட்டிலிருந்து இரவு வரை தோழி வீட்டுக்கு. என் கணவருக்கு கோல்ஃப் ஆகாது. "நடக்கணும்னா சும்மா நடந்துட்டுப் போலாமே, எதுக்கு ஒரு பந்தை அடிச்சு அதைத் தேடிக்கிட்டு நடக்கணும்?" என்பது அவர் கட்சி. ஆனால் பிப்ரவரி மாத டொராண்டோவிலிருந்து தப்பிக்க எந்தச் சாக்கும் அவருக்குப் போதும்.

இப்படி ஒரு நாளை இரண்டாகப் பிரிக்க எல்லா ஊரும் தோதுப்படாது. பார்படோஸ் தோதுப்படும், ஏனென்றால் அந்தக் கரீபியன் தீவு அவ்வளவு சின்னது. நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23. மேற்கே செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் அமைதியான கடல், விடுதிகள், கோல்ஃப் மைதானங்கள். கிழக்கே செயின்ட் ஜானில் அட்லாண்டிக்கைப் பார்த்த மேட்டில் என் தோழியின் வீடு. நடுவில் இருபுறமும் ஆளுயரக் கரும்பு நிற்கும் ஒடுங்கிய சாலைகள். திருப்பத்தில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. உள்ளூர்க்காரர்கள் ஹாரனை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். வண்டி இடப்பக்கம் ஓடுவதால் சென்னையில் ஓட்டிப் பழகிய என் கணவருக்குக் கை தானாக வந்துவிட்டது. கனடாவில் இத்தனை வருடம் ஓட்டியதெல்லாம் எங்கே போயிற்றோ.

தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொராண்டோவில் ஒரு வங்கி அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய பெரியம்மா வீட்டு வேலைக்காகக் கனடா வந்தவர். 1955இல் கனடா அரசு ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் திருமணமாகாத இளம் பெண்களை வீட்டு வேலைக்கு எடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒரு வருடம் வேலை செய்தால் அங்கேயே குடியேறலாம். படித்த பெண்கள், ஆசிரியைகள்கூட அதில் வந்து அடுத்தவர் வீட்டில் பாத்திரம் கழுவியிருக்கிறார்கள். அந்தப் பெரியம்மாதான் பிறகு குடும்பத்தில் ஒவ்வொருவராக வரவழைத்தார். தோழி வந்தது பள்ளிக்கூட வயதில். ஓய்வு பெற்ற மறு மாதமே கணவரோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். "குளிருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாச்சு" என்றார் விடைபெறும்போது.

நான் கோல்ஃப் கற்றதும் அதே அலுவலகத்தால்தான். கோடையில் வியாழக்கிழமை மதியம் ஆனால் முடிவெடுக்கிற ஆட்கள் எல்லோரும் காணாமல் போவார்கள். வெள்ளிக்கிழமை காலை கூட்டத்துக்கு வந்தால் எல்லாம் ஏற்கெனவே பேசி முடிந்திருக்கும். சரி, அவர்கள் போகிற இடத்துக்கு நாமும் போவோம் என்று கிளம்பியவள், பதவி உயர்வை மறந்துவிட்டேன், ஆட்டத்தை விடவில்லை. இன்று என் ஹேண்டிகேப் 24, அதாவது கைதேர்ந்தவர்களைவிட ஒரு சுற்றுக்குச் சுமார் 24 தடவை கூடுதலாக அடிப்பவள். ஆடுகிறவர்களுக்கு இதற்கு மேல் என் தரத்தை விளக்க வேண்டியதில்லை.

முதலில் சாண்டி லேன். இந்த விடுதியை 1961இல் ரொனால்ட் ட்ரீ என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி தொடங்கினார். பிறகு மொத்தமாக இடித்துக் கட்டி 2001இல் மறுபடி திறந்தார்கள். மூன்று மைதானங்கள். ஒன்பது குழிகள் கொண்ட பழைய மைதானம், கன்ட்ரி கிளப், அப்புறம் கிரீன் மங்கி. பின்னவை இரண்டும் டாம் ஃபாசியோ வடிவமைத்தவை. கிரீன் மங்கி ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் இறங்குகிறது. படங்களில் பார்த்தால் வெள்ளைப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஃபேர்வே, அதாவது குழியை நோக்கிப் போகும் புல் பாதை, ஓடும். 16ஆம் குழியின் பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில், மணலுக்கு நடுவே குரங்கு வடிவத்தில் புல் வளர்த்திருக்கிறார்கள். அங்கே ஆட அந்த விடுதியில் தங்கியிருக்க வேண்டும். நாங்கள் தங்கியது அதன் வாடகையில் ஒரு சிறு பங்கு கேட்கும் வேறொரு விடுதியில். ஆகவே எனக்குக் கிடைத்தது கன்ட்ரி கிளப். அதொன்றும் சாதாரணமில்லை. 2006இல் உலகக் கோப்பை கோல்ஃப் அங்கேதான் நடந்தது. ஜெர்மனிக்காக பெர்ன்ஹார்ட் லாங்கரும் மார்செல் சீமும் பிளே-ஆஃபில் ஸ்காட்லாந்தை வென்றார்கள்.

மைதானம் மேட்டில் ஏறி இறங்குகிறது. ஏறுகிற குழிகளில் முதுகுக்குப் பின்னால் கரீபியன் கடல். திரும்பிப் பார்க்காமல் ஆடுவதுதான் கஷ்டம். வண்டியில் தூரம் காட்டும் திரை, இடையிடையே குளிர்ந்த துண்டு, பந்து எங்கே விழுந்தாலும் அதன் அடியில் ஒழுங்காக வெட்டிய புல். நான் ஒரு பார் (குழிக்கு விதித்த அடிக் கணக்கு), சில போகி (அதைவிட ஒன்று கூட), எண்ண விரும்பாத மீதி என்று முடித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் பத்தாவது குழி வாக்கில் ஒன்று உறைத்தது. இதே துண்டை எனக்கு புளோரிடாவில் கொடுத்திருக்கிறார்கள், போர்ச்சுகலில் கொடுத்திருக்கிறார்கள். கடலை மறைத்துவிட்டால் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று சொல்லத் தெரிந்திருக்காது. குரங்கு ஒன்று ஃபேர்வேயைக் குறுக்கே கடந்தபோதுதான் ஊர் நினைவுக்கு வந்தது. முன்னால் ஆடிய இரண்டு பேர் ஆட்டத்தை நிறுத்தி அதைப் படம் எடுத்தார்கள்.

அந்தக் குரங்குகள் 17ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் வந்து சேர்ந்தவை. செயின்ட் ஜானில் யாரும் அவற்றைப் படம் எடுப்பதில்லை. தோழியின் கணவர் வாசலில் ஒரு கவண் வைத்திருக்கிறார். மாங்காயைப் பழுக்க விடாது, ஒரு கடி கடித்துவிட்டு எறிந்துவிடும், அடுத்ததைப் பறிக்கும். "முழுசாகத் தின்றால் மன்னித்துவிடுவேன்" என்றார்.

அன்று மாலை எங்களை அழைத்துப்போக தோழி விடுதிக்கு வந்திருந்தார். வாசலில் காவலாளி காரை நிறுத்தி யாரைப் பார்க்க, எந்த அறை, எவ்வளவு நேரம் என்று விசாரித்தார். எங்களைக் கொண்டுவந்து விட்ட வாடகைக் காரை அப்படி யாரும் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. தோழி அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். காவலாளி அவர் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவர் என்று தெரிந்தது. பிறகு பின்னால் இரண்டு கார் நிற்க, இருவரும் யார் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று சாவகாசமாகப் பேசினார்கள். போகும் வழியில்தான் சொன்னார்: "இந்தத் தீவில் கடற்கரை எல்லாம் பொதுச் சொத்து. ஒரு விடுதிக்கும் சொந்தமில்லை. ஆனால் கடற்கரைக்குப் போகிற சந்து யாருக்குச் சொந்தம் என்று கேள்." மேற்குச் சாலையில் பல கிலோமீட்டர் போனாலும் சுவரும் வேலியும்தான் தெரியும், கடல் தெரியாது. இடையில் எங்காவது ஒரு இடைவெளியில் நீலம் பளிச்சிட்டால் அதைக் காப்பாற்ற உள்ளூர்க்காரர்கள் சண்டை போடுகிறார்கள்.

தோழி வீடு இரண்டு வீடு. முன்னால் அவர்கள் ஓய்வூதியத்தில் கட்டிய சுவர் வீடு. பின்னால் பாட்டியின் மர வீடு, செங்குத்தான கூரை, நடுவில் கதவு, இருபுறமும் ஜன்னல். அந்த மர வீட்டுக்கு அஸ்திவாரம் கிடையாது. அடுக்கிவைத்த கற்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1838இல் அடிமைத்தனம் முழுதாக ஒழிந்தபோது உழைத்தவர்களுக்கு விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. தோட்ட முதலாளியின் நிலத்தில் வாடகைக்கு வீடு போட்டுக்கொள்ளலாம். முதலாளி போ என்றால் போக வேண்டும். அதனால் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி வீடு கட்டினார்கள். பாட்டி வாழ்நாளில் இந்த வீடு ஒரு முறை இடம் மாறியிருக்கிறது. 1980இல் வந்த ஒரு சட்டம்தான் இப்படிக் குடியிருந்தவர்களுக்குத் தங்கள் வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணை மலிவாக வாங்கும் உரிமையைக் கொடுத்தது. தோழி அந்தப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார், பட்டமளிப்புப் படங்களுக்குப் பக்கத்தில்.

பாட்டி கரும்பு வெட்டியவர். அதுவும் இளவயதில் மேற்கே, செயின்ட் ஜேம்ஸில். தீவின் கோல்ஃப் மைதானங்கள் பெரும்பாலும் பழைய கரும்புத் தோட்டங்கள். 1994இல் திறந்த ராயல் வெஸ்ட்மோர்லண்ட் பெயரிலேயே தோட்டத்தை வைத்திருக்கிறது. ஏப்ஸ் ஹில்லும் அப்படித்தான். இதைத் தோழி சொன்னபோது நான் ஏதோ வருத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. "கரும்பைப் பார்த்து நீ அழ வேண்டாம். பாட்டியின் முதுகை முறித்தது கரும்பு. என் அக்கா மகன் அந்தப் புல்லை வெட்டித்தான் வீடு கட்டினான். வெயில் அதே வெயில், ஆனால் சம்பளம் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு." அப்புறம் சற்று யோசித்து, "நிலம் மட்டும் அதே மாதிரி ஆட்களிடம்தான் இருக்கிறது" என்றார். தீவில் இன்று ஓடுகிற சர்க்கரை ஆலை ஒன்றே ஒன்று, போர்ட்வேல். அதுவும் செயின்ட் ஜேம்ஸில்தான்.

அவருக்குக் கோபம் வருவது தண்ணீர் விஷயத்தில். பார்படோஸ் முக்கால்வாசிக்கு மேல் பவளப் பாறை. மழை அதில் வடிந்து நிலத்தடிக்குப் போய்விடும், ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. உலகில் நீர் அருகிய நாடுகளில் இதுவும் ஒன்று. மேட்டில் இருக்கிற செயின்ட் ஜானில் குழாய் திடீரென்று நின்றுவிடும், வந்தால் சில நாள் பழுப்பாக வரும். வாசலில் தொட்டி, உள்ளே வாளிகள். சென்னையில் வளர்ந்த எனக்கு அந்த வாளி வரிசையைப் பார்த்ததும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அங்கே கீழே கிரீனுக்கு தினமும் தண்ணீர் தெளிக்கிறார்கள்" என்றார். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைதான் கிரீன். நியாயமாகச் சொல்வதென்றால் ஏப்ஸ் ஹில் போன்ற இடத்தில் மழை நீரைப் பெரிய குளத்தில் பிடித்துத்தான் புல்லுக்குப் பாய்ச்சுகிறார்கள். அதையும் அவரே சொன்னார். ஆனாலும் வாளியோடு நிற்கிறவருக்குப் பச்சைப் புல்லைப் பார்த்தால் எரிச்சல் வராமல் இருக்காது.

சாப்பாடு கூக்கூவும் பறக்கும் மீனும். சோளமாவும் வெண்டைக்காயும் சேர்த்து அடுப்பில் விடாமல் கிண்டுவது கூக்கூ. தட்டையான மரத் துடுப்பால், ஒரே திசையில், கட்டி தட்டாமல். எங்கள் ஆத்தா கேழ்வரகுக் களி கிண்டும்போது இரண்டு காலால் பானையை இடுக்கிக்கொள்வார். தோழி அந்த வேலையைத் தோளால் செய்கிறார், மற்றதெல்லாம் அதேதான். மீன் குழம்பை நடுவில் குழி பண்ணி ஊற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் மஞ்சள் நிற மிளகாய்ச் சாறு, கடுகும் ஸ்காட்ச் பானட் மிளகாயும் அரைத்தது. இதை நாங்கள் சிறு கரண்டியில் எடுத்தபோது குடும்பமே எங்களைக் கவனித்தது. என் கணவர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டதும் அவருக்கு அந்த வீட்டில் தனி மரியாதை வந்துவிட்டது. பறக்கும் மீன் இந்த நாட்டின் ஒரு டாலர் நாணயத்தில் இருக்கிறது. ஆனால் மீன் கூட்டம் தெற்கே டொபேகோ பக்கம் நகர, பார்படோஸ் மீனவர்கள் பின்னாலேயே போக, டிரினிடாட் பிடித்து வைக்க, விவகாரம் சர்வதேச நடுவர் மன்றம் வரை போய் 2006இல் கடல் எல்லைத் தீர்ப்பு வந்தது. நம் பக்கத்துக் கடல் கதைகளைக் கேட்டவர்களுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை.

இனி ராக்லி. இந்தப் பயணத்தில் எனக்கு மறுபடி ஆட ஆசையாக இருக்கும் மைதானம் அதுதான்.

தெற்கே கிறைஸ்ட் சர்ச் பகுதியில், குடியிருப்புகளுக்கு நடுவே ஒன்பது குழிகள். பதினெட்டு ஆட வேண்டுமானால் இரண்டு சுற்று, இரண்டாம் சுற்றுக்கு வேறு டீ, அதாவது முதல் அடி அடிக்கும் இடம். தோழியின் கணவர் அங்கேதான் ஆடுகிறார். டொராண்டோவில் பேருந்து ஓட்டியவர். அதற்கு முன், சிறுவனாக, மேற்கே விடுதிக்காரர்களின் பையைச் சுமந்த கேடி. கொய்யாக் கிளையை வளைவாக வெட்டி மட்டை செய்து, தொலைந்த பந்துகளை வைத்து, இருட்டிய பிறகு ஆடிக் கற்றதாகச் சொன்னார். அவர் ஸ்விங்கைப் பார்த்தால் நம்பலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஸ்விங். பந்து மட்டும் ஒவ்வொரு முறையும் நேராகப் போகிறது.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தப் பயிற்சியாளரும் சொன்னதில்லை. டொராண்டோ கிரீன்களில் பெண்ட் புல். மெல்லிசாக நிமிர்ந்து வளரும், சரிவை மட்டும் பார்த்தால் போதும். இங்கே பெர்முடா புல். தரையோடு படுத்து ஒரு பக்கமாகப் படரும். பந்து அந்தப் பக்கம் இழுக்கப்படும். "சரிவைப் பார்க்காதே, முதலில் குழியின் விளிம்பைப் பார்" என்றார். விளிம்பில் ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக இருக்கும், எதிர்ப்பக்கம் பிய்ந்து காய்ந்திருக்கும். பிய்ந்த பக்கம் நோக்கித்தான் புல் படர்கிறது. அப்புறம் நிறம். நாம் நிற்கிற இடத்திலிருந்து புல் மினுமினுத்தால் அது நம்மைவிட்டு விலகிப் படுத்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். கருத்துத் தெரிந்தால் நம்மை நோக்கி நிற்கிறது, அழுத்தி அடி. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு என் புட், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி, பாதியாகக் குறைந்தது என்று எழுத ஆசை. குறையவில்லை, ஆனால் ஏன் தவறுகிறது என்று தெரிந்துகொண்டு தவறவிட்டேன்.

காற்று தனிக் கதை. கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும். நான் 7ஆம் எண் அயர்ன் மட்டையை எடுத்தால் அவர் தலையை ஆட்டுவார். இன்னும் தூரம் போகும் 5ஐக் கொடுத்து, பாதி வீச்சில் தாழ்வாக அடிக்கச் சொல்வார். அங்கே ஆடுகிற முதியவர்கள் எல்லோருமே இப்படித்தான், பந்தை உயர விடுவதில்லை. அன்று எங்களோடு சேர்ந்தவர்கள் ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியையும் ஒரு மின்வாரிய ஊழியரும். தலைமை ஆசிரியை என் ஸ்கோரைத் தானே எழுதிக்கொண்டார். "பள்ளிக்கூடத்தில் பழகிய பழக்கம், யாரையும் தன் மார்க்கைத் தானே போட விடமாட்டேன்" என்றார்.

கோல்ஃப் பேச்சு அந்த ஊரில் சோபர்ஸ் பேச்சில்தான் முடியும். சர் கார்ஃபீல்ட் சோபர்ஸ் கிரிக்கெட் தவிர கோல்ஃபிலும் பார்படோஸுக்காக ஆடியவர். கிரிக்கெட் மட்டையை வைத்த பிறகு இந்த மட்டையை எடுத்தவர். ராக்லியில் பந்து தொட்ட ஒவ்வொருவரிடமும் ஒரு சோபர்ஸ் கதை இருக்கிறது. எது நடந்தது, எது வளர்ந்தது என்று நான் ஆராயவில்லை. என் பங்குக்கு ஒன்று வைத்திருந்தேன். 1967 ஜனவரி, சேப்பாக்கம். இந்தியா ஜெயிக்க வேண்டிய டெஸ்ட். வெஸ்ட் இண்டீஸ் 193க்கு 7. சோபர்ஸும் சார்லி கிரிஃபித்தும் சேர்ந்து கடைசிவரை நின்று டிரா செய்துவிட்டார்கள், சோபர்ஸ் 74 நாட் அவுட். அப்பா கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்த ஆட்டம். கிரிஃபித் அன்று மட்டையைவிடக் காலால்தான் அதிகம் ஆடினார் என்று சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தார். கிரிஃபித்தும் பார்படோஸ்காரர். மேசையில் இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மின்வாரியக்காரர் எனக்கு ஒரு பேங்க்ஸ் பீர் வாங்கிக்கொடுத்தார், அப்பாவுக்கு நஷ்டஈடாக.

என் கணவர் அந்த நேரமெல்லாம் ரம் கடையில் இருந்தார். ரம் கடை என்றதும் நம்ம டாஸ்மாக்கை நினைக்க வேண்டாம். தெருமுனையில் சின்ன மரக் கட்டடம், உள்ளே சோப்பு, டின் மீன், ரொட்டி எல்லாம் கிடைக்கும், நடுவில் ஒரு மேசை. குப்பியாக வாங்கி, ஐஸும் சோடாவும் தனியாக வைத்து, பகிர்ந்து குடிப்பார்கள். மேசையில் டாமினோ. கட்டையை வைக்க மாட்டார்கள், அறைவார்கள். கோல்ஃபைக் கிண்டல் செய்கிற மனிதர் அந்தக் கட்டைகளை எண்ணி எண்ணி, யார் கையில் என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டு, இரவு தூக்கத்திலும் முணுமுணுத்தார். கடைக்கு வெளியே தெருவில் ரோடு டென்னிஸ். இது உலகத்துக்கு பார்படோஸ் கொடுத்த விளையாட்டு. புல்தரை டென்னிஸ் கிளப்புகளுக்குள் நுழைய முடியாதவர்கள் 1930களில் தார்ச் சாலையில் உருவாக்கியது. சாலையில் கோடு போட்டு, வலைக்குப் பதில் எட்டு அங்குல உயரப் பலகை, மரத்தில் வெட்டிய மட்டை, ரோமம் உரித்த டென்னிஸ் பந்து. கார் வந்தால் பலகையைத் தூக்கி வழிவிட்டு மறுபடி வைக்கிறார்கள். குனிந்தபடியே ஆட வேண்டும். நான் சில நிமிடம் முயன்றேன், பத்து வயதுப் பெண் ஒருத்தி என்னைத் துவைத்து எடுத்தாள்.

வெள்ளி இரவு ஆய்ஸ்டின்ஸ். மீன் சந்தையை ஒட்டி வறுவல் கடைகள், பாட்டு, கூட்டம், சுற்றுலாக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஒரே பெஞ்சில். 2024 ஜூன் 29 அன்று கென்சிங்டன் ஓவலில் இந்தியா தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்ற டி20 இறுதிப் போட்டியைப் பற்றி எங்களைப் பார்த்ததும் எல்லோரும் பேசினார்கள். சூர்யகுமார் எல்லையில் பிடித்த கேட்சுக்கு அங்கே இன்னும் தீர்ப்பு வரவில்லை, இரண்டு கட்சி இருக்கிறது. ஆனால் மீன் வெட்டுகிற பெண்மணி அதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமையைத்தான் சொன்னார். பெரில் புயல் தீவின் தெற்கே கடந்தது. வெற்றிக் கோப்பையோடு இந்திய அணி விடுதியில் மாட்டிக்கொண்டது நமக்குச் செய்தி. துறைமுகத்தில் கட்டியிருந்த மீன்பிடிப் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தது அவர்களுக்கு வாழ்க்கை. அவர் அண்ணன் படகு அதில் ஒன்று. பழுது பார்த்து மறுபடி இறக்க மாதக் கணக்கில் ஆகியிருக்கிறது.

போக நினைக்கும் கோல்ஃப்காரர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. டிசம்பரிலிருந்து மே வரை மழை குறைவு. கிறைஸ்ட் சர்ச்சில் டியூரண்ட்ஸில் இருக்கும் பார்படோஸ் கோல்ஃப் கிளப் யார் வேண்டுமானாலும் ஆடலாம், முழு பதினெட்டு, விடுதிக் கட்டணத்தைப் பார்த்த கண்ணுக்கு அதன் கட்டணம் இதமாக இருக்கும். இரண்டு உள்ளூர் டாலர் ஓர் அமெரிக்க டாலர், 1975இலிருந்து மாறவில்லை, மனக்கணக்கு எளிது. பேருந்தில் எங்கே போனாலும் மூன்றரை உள்ளூர் டாலர். மட்டைப் பையோடு வெள்ளை நிறச் சிற்றுந்தில் ஏறிப் பாருங்கள், பாட்டுச் சத்தத்தில் டிரைவரிடம் இறங்கணும் என்று சொல்வதே தனி விளையாட்டு. கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மஞ்சினீல் மரம் அது. மழையில் அதன் இலையிலிருந்து சொட்டும் நீர்கூடத் தோலைப் பொசுக்கும்.

விடுதி மைதானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலை ஆடலாம், அந்தக் கடலுக்காகவே ஆடலாம். மிச்சக் காலைகளை ராக்லிக்குக் கொடுப்பேன்.

ஜூலையில் தோழியும் கணவரும் டொராண்டோ வருகிறார்கள், பேத்தியின் பட்டமளிப்பு. தோழியின் கணவருக்கு டான் வேலி மைதானத்தில் ஆட வேண்டுமாம். நகராட்சி மைதானம் என்பதால் சனிக்கிழமை காலை நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பதிவு திறக்கிற அன்றே உட்கார வேண்டும். என் கணவர் இப்போதே டாமினோ கட்டை வாங்கிவிட்டார்.